வளையக்கால் குதிரை

தண்ணி இளஞ்சூடு காணும். கொதிக்கக் கொதிக்க ஊத்தினாக் கன்னத்துச் சாயம் கழண்டுபோகும், பச்சைத்தண்ணியில போட்டா இத்தனை வருசத்துப் பிசுக்கு அசையாது, முழங்கையைத் தோய்ச்சுப் பாக்கவேணும், குழந்தைப்பிள்ளையைக் குளிக்கவாக்கேக்கை பாக்கிறமாதிரி. சீ, இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம். குதிரையைக் கழுவு சிவாஜினி, வாயைப் பொத்திக்கொண்டு குதிரையைக் கழுவு. பேசின் நிறைய அதுகள் மல்லாந்து மிதக்குதுகள், ரோசா, மஞ்சள், ஊதா, பச்சை, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குதிரைக்குட்டியள், காலெல்லாம் மேல, பின்தொடையில நட்சத்திரமும் குடையும் செர்ரிப்பழமும் வரைஞ்சு. ஒவ்வொண்டா எடுத்து, தலைமயிருக்குச் சம்பூ போட்டு, காதுக்குள்ள கிடக்கிற அழுக்கைப் பல் டாக்குத்தரின்ரை கொக்கிக் கம்பியால கிளறி, துவாயில குப்புறப் படுக்க வைக்கவேணும். வேலை செய்யிற இடத்தில பல்லுக் கிளறுறதும் நான்தான், வீட்டில குதிரை கிளறுறதும் நான்தான், நல்ல பிழைப்பு. என்னைக் கட்டினவர் விட்டிட்டுப் போகேக்கை சொன்னவர், உனக்கு மனுசன் வேண்டாமடி, பிளாஸ்டிக் காணும் எண்டு. போகட்டும், போன இடத்தில ஆர் அவருக்குப் புட்டு அவிச்சுக் குடுக்கினம் எண்டு பாப்பம். ஹோலுக்குள்ள அப்பா ரீவியைக் கத்தவிட்டிருக்கிறார், காது கேக்கிறேல்லை, கேளாக்கருவியைக் குடுத்தா உள்ளுக்கை கொசு பறக்கிறமாதிரிக் கிடக்கெண்டு கழட்டி லாச்சிக்குள்ள போடுறார். வெளியில மழை. ஜெர்மன் மழை, பேய்மாரி இல்லை, மூக்குச் சிந்திற மழை. யன்னல்கட்டில ஒண்டு மட்டும் நனையாமல் நிக்குது, நீலக் குதிரை, வெள்ளைத் தலைமயிர், முன்னங்கால் ஒண்டில கறுப்பா ஒரு வளையம். அதைக் கடைசியாக் கழுவுவம். அதைப் பாக்கத்தான் ஒரு வயசுபோன அம்மா நோர்வேயில இருந்து வெளிக்கிட்டு வாறா, பின்னேரம் வந்திடுவா, இன்னும் அந்தக் குதிரையைக் கழுவுறதா விடுறதா எண்டு முடிவெடுக்கேல்லை நான்.

எல்லாம் ஒரே அச்சு. இதைச் சொன்னாத்தான் சனம் நம்பாது, ஏதோ எனக்கு விசர் எண்டு பாக்கும். கொம்பனி ஒண்டு, அச்சு ஒண்டு, ஆனா அந்த அச்சை ஐரோப்பாவில நாட்டுக்கு நாடு ஒவ்வொரு தொழிற்சாலைக்குக் குடுத்துவிட, அவனவன் தன்னட்டைக் கிடந்த பிளாஸ்டிக்கையும் சாயத்தையும் நைலோன் மயிரையும் போட்டு வார்த்துத் தள்ளியிருக்கிறான். அதாலதான் ஒரே குதிரை ஊருக்கு ஊர் வேற முகத்தோட பிறந்திருக்கு. இத்தாலிக்காரியை வெளிச்சத்துக்குப் பிடிச்சா உள்ளுக்கால ஒளி தெரியும், கண்ணும் பெரிசு, நித்திரை முழிச்ச கண். ஸ்பெயின்காரிக்குத் தும்புத்தடி மயிர், எவ்வளவு சீவினாலும் நிமிந்து நிக்கும். பிரான்ஸ்காரிக்குக் கன்னத்தில புள்ளி. ஜெர்மன்காரியின்ரை உள்ளங்காலில நாட்டின்ரை பேர் சுத்தமா அடிச்சிருக்கும், வேறென்ன செய்வினம். கிரேக்கக்காரிதான் தனி. உள்ளங்காலில ஒண்டும் எழுதியிருக்காது, ஊர் பேர் இல்லை, பாஸ்போட்டைக் கிழிச்சுக் கக்கூசுக்குள்ள போட்டிட்டு வந்து இறங்கின எங்கட சனம் மாதிரி. ஆனா சாயம் தடிப்பு, நீலமெண்டா அப்பிடி ஒரு நீலம், வேற நாட்டில அந்த நீலம் இல்லை. கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுத்தா முகத்தில சாடையா ஒரு பெற்றோல் வாசம் வரும். இந்த நீலத்தில எனக்கு அப்பிடி வந்தது, எனக்கு நினைவிருக்கு, ஏழு வயசில கன்னத்துக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுத்தனான். அப்ப அது கிரேக்கக்காரி எண்டு எனக்கெங்கை தெரியும். அப்பா இத்தாலியில இருந்து கொண்டுவந்தவர். அப்பா எல்லாத்தையும் கொண்டுவந்தவர். இத்தாலிக்காரன் ஒருத்தன்ரை பழக்கடைக்கு வான் ஓடினார், போகேக்கை வெறும் பெட்டி, வரேக்கை தோடம்பழம், எலுமிச்சம்பழம், முந்திரிகை. சுவிஸ், ஒஸ்திரியா, பிரான்ஸ், எங்கை போனாலும் வரேக்கை ஒரு குதிரை. நாங்கள் அப்ப ஒரு அறையில இருந்தனாங்கள், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில ஒரு சீலைதான் மறைப்பு, வான் சத்தம் கேட்டா நான் சீலையைக் கிழிச்சுக்கொண்டு ஓடுவன். அப்பான்ரை கையில தோடம்பழ வாசம். சேட்டுப்பையில குதிரை. பள்ளிக்கூடத்தில கறுப்பி எண்டு தள்ளிவைச்ச பெட்டையளே குதிரை பாக்க வரிசையில வந்து நிண்டவளவை, அது வேற கதை. எத்தினை பேருக்கு அப்பிடி ஒரு அப்பா கிடைக்கும். கிடைக்காது. சத்தியமாக் கிடைக்காது.

இருமல் வருது, கறை எடுக்கிற பெரொக்சைட் போத்தலைத் திறந்து வைச்சிட்டன், அந்தக் காரம் தொண்டையில ஏறுது. சின்னனில எனக்கு இருமல் வந்தா கொத்தமல்லிதான், இஞ்சிதான், கற்கண்டுதான். எல்லார் வீட்டிலயும் ஜெர்மன் டாக்குத்தர் எழுதித்தாற இருமல் பாணி ஒரு போத்தல் கிடக்கும், எங்கட வீட்டில கிடந்ததே இல்லை. ஒருக்கா அம்மா வாங்கிக்கொண்டு வந்தவ, எனக்கு நெஞ்சு கரகரவெண்டு இழுக்குது, அப்பா அந்தப் போத்தலை அவவின்ரை கையில இருந்து பறிச்சு, திறந்து, இதே மாதிரி ஒரு பேசினுக்குள்ள ஊத்தினவர், ஊத்தி முடிஞ்ச பிறகும் பைப்பை ஓடவிட்டுக்கொண்டு நிண்டவர். அம்மா வெறும் போத்தலை எடுத்துக் குப்பைக்குள்ள போட்டவ. நான் நினைச்சன் மனுசனுக்கு இங்கிலீஸ் மருந்து பிடியாதாக்கும் எண்டு. ஆனா காய்ச்சல் குளிசை தருவார், அதுக்கு ஒண்டும் சொல்லமாட்டார். பாணி மட்டும்தான். இப்ப ஏன் உனக்கு இது வருது, குதிரையைக் கழுவு. இந்த மஞ்சள்காரியின்ரை வாலுக்குள்ள ஊசிக்கம்பி கறள் பிடிச்சுப்போச்சு, வாலைக் கழட்டித்தான் எடுக்கவேணும்.

வளையக்கால் எண்டு பேர் வைச்சதே நான்தான், அதை நினைக்கத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல கிடக்கு. இந்த நீலத்தின்ரை முன்னங்காலில இருக்கிற கறுப்பு வளையத்தைப் படம் பிடிச்சு, சேகரிக்கிற ஆக்கள் கூடிற இணையப் பக்கத்தில போட்டு, பாருங்கோ இப்பிடி ஒண்டு கண்டிருக்கிறியளோ எண்டு கேட்டன். லியோனில மிரேய் எண்டொரு மனுசி இருக்கிறா, அவதான் எங்களுக்குள்ள பெரிய ஆள், அவ உடன சொன்னவ இது கிரேக்க வெளியீடு, சந்தேகமே இல்லை, இத்தாலியில இது விக்கவே இல்லை, உங்கட அப்பா கிரேக்கத்துக்குப் போயிருப்பார் எண்டு. நான் அப்பாட்டைக் கேட்டன். கிரேக்கத்தில நான் கால் வைச்சதே இல்லை எண்டார். மறந்துபோனார் எண்டு நினைச்சன். வளையம் தொழிற்சாலையில அடிச்ச வளையம்தான் எண்டு நான் நிண்டு பிடிச்சன், குறைஞ்ச எண்ணிக்கையில விட்ட தனி வகை எண்டு பக்கம் பக்கமா எழுதினன், மிரேய் இல்லை எண்டா, நான் ஓம் எண்டன், றொட்டர்டாமில ஒரு கிழவன் தன்னட்டையும் ஒரு வளையக்கால் இருக்கு எண்டு புளுகினான். கோதாரி, அவன் மையால கீறியிருப்பான். ஆனா நான்? நான் ஆர்? என்ரை கையில எத்தினை தரம் கட்டினவை, பயந்த பிள்ளைக்கு ஐயர் மந்திரிச்சுத் தாற கறுத்த நூல், ஊரில இருந்து கடிதத்துக்குள்ள மடிச்சு வரும், அம்மா என்ரை கையில மூண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவா, குளிக்கக் குளிக்கச் சாயம் இறங்கி மணிக்கட்டைச் சுத்திக் கறுப்பாக் கிடக்கும், பள்ளிக்கூடத்தில ரீச்சர் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சவ, கை அழுக்கெண்டு. இவ்வளவும் என்ரை உடம்பில நடந்தது. நான் அந்தக் குதிரையின்ரை காலைப் பூதக்கண்ணாடியால பாத்துக்கொண்டிருந்து கிரேக்கத் தொழிற்சாலை எண்டு எழுதியிருக்கிறன். வெள்ளைக்காரன் எழுதியிருந்தா மன்னிக்கலாம். மொக்கு. பேய்ப்பெட்டை.

நோர்வே அம்மாவுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கு. அவவின்ரை பெறாமகள் ஆரோ படத்தைக் காட்டியிருக்கிறாள். பேர் இராசமலர். முதல் ஒரு செய்தி வந்தது, தங்கச்சி அந்தக் காலில கிடக்கிறது நூல் கட்டின அடையாளமோ எண்டு. நான் ஒரு துள்ளுத் துள்ளினன், அட எங்கட சனத்திலயும் குதிரை சேக்கிற ஒரு ஆள் இருக்குதெண்டு, உடன ரெலிபோன் எடுத்தன். குரல் மெல்லிசு. அவசரமில்லாத குரல். "நான் சேக்கிற ஆள் இல்லையம்மா," எண்டா. "ஏதென்ஸில எங்களை ஒரு அறைக்குள்ள போட்டு வைச்சிருந்தவங்கள், ஜெர்மனிக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் நாள் பாத்துக்கொண்டிருந்தவன். மகள் ஒரே அழுகை. கீழ பெட்டிக்கடையில இருந்து நீலக் குதிரை ஒண்டு வாங்கிக் குடுத்தனான். அவளுக்குக் கையில நூல் கட்டியிருந்தது. குதிரைக்கும் பயமா இருக்கம்மா, அதுக்கும் கட்டு எண்டு நிண்டாள். அவளின்ரை நூலிலயே ஒரு துண்டு வெட்டிக் கட்டிவிட்டனான்." நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன், என்ரை காது மட்டும்தான் கேக்குது. பெரியாக்கள் வேற பாஸ்போட்டில றெயினில, பிள்ளையளைத் தனிய வானில, எங்கட ஆள் ஒருத்தர்தான் ஓடுறவர், நம்பி விடலாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னானாம். கப்பலில இத்தாலி, இத்தாலியில இருந்து வான். போடரில சத்தம் கேக்கக்கூடாதெண்டு எல்லாப் பிள்ளையளுக்கும் இருமல் பாணி பருக்கச் சொல்லியிருக்கிறான். "கரண்டியும் நான்தான் குடுத்துவிட்டனான்," எண்டா இராசமலர். மற்றப் பிள்ளையள் வந்து இறங்கினதுகள். ஆரணி இறங்கேல்லை. ஆரணி எண்டு பேர். நித்திரையா இருந்தவளாம், எழுப்ப எழுப்ப எழும்பேல்லையாம், மலைப்பாதையில ஒரு இடத்தில வான் ஓடின மாமா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவராம், கனநேரத்தால தனியத் திரும்பி வந்தவராம். ஆசுப்பத்திரியில குடுத்தது எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னான், பிறகு அவனும் இல்லை. "முதல் அவள் எங்கை இருக்கிறாள் எண்டு தேடினன் தங்கச்சி. இப்ப எங்கை வைச்சவை எண்டு தேடுறன். வேற ஒண்டும் வேண்டாம். அந்த மாமா நல்லவராம், பிள்ளையளுக்கெல்லாம் தோடம்பழம் உரிச்சுக் குடுத்தவராம்." அதுக்குப் பிறகு கேட்டா, உங்களுக்கு இந்தக் குதிரை ஆர் தந்தது எண்டு. பழம்சாமான் சந்தையில வாங்கினது எண்டன். யோசிக்காமல் வந்தது வாயில. அவ, நான் ஒருக்கா வந்து கையில வைச்சுப் பாக்கட்டோ எண்டு கேக்க, வாங்கோ எண்டதும் இந்த வாய்தான்.

"பிள்ளை!" அப்பா கூப்பிடுறார். கூப்பிட்டா உடன ஓடிப்போகவேணும், இல்லாட்டி வோக்கரைத் தள்ளிக்கொண்டு தானே வந்து கம்பளத்தில சில்லுச் சிக்குப்பட்டு விழுவார், இடுப்பில கம்பி வைச்ச மனுசன். கையெல்லாம் நுரையோட போய்க் கதவடியில நிண்டு கத்திக் கேட்டன். "தேத்தண்ணி வேணுமே?" "வேண்டாம். ஆரோ வருகினம் எண்டனி." "ஓமப்பா. நோர்வேயில இருந்து ஒரு அம்மா. குதிரை பாக்க." "குதிரை பாக்கவோ, அவ்வளவு தூரத்தில இருந்தோ. விசர்ச் சனம்." சிரிச்சார். ரீவியில ஆரோ ஒருத்தன் கத்தரிக்காய் வெட்டிக் காட்டுறான். நான் திரும்பப் போகேக்கை கேட்டார், "எவ்விடத்து ஆள்?" "உடுவில் எண்டா." எங்கட ஆக்கள் ஊர் கேட்டா அதோட நிப்பாட்டமாட்டினம், உடுவிலில எவடம், ஆற்றை மகள், கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ, சாதி வரைக்கும் தோண்டிப் பாத்திட்டுத்தான் விடுவினம், அப்பா அதில விண்ணன். ஒண்டும் கேக்கேல்லை. றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சார். பிறகு, "அவவுக்குப் பிள்ளையள் இருக்கே?" எண்டார். "நான் கேக்கேல்லை," எண்டிட்டு வந்திட்டன். வந்து பேசினுக்குள்ள கையை விட்டா தண்ணி ஆறிப்போச்சு.

எத்தினையோ வான் ஓடினது. அந்தக் காலத்தில இத்தாலியில இருந்து தோடம்பழம் ஏத்தினது அப்பா மட்டுமே? எத்தினை தமிழாக்கள் வான் ஓடினவை. தோடம்பழம் உரிச்சுக் குடுக்கிறது ஒரு குற்றமே, ஆரும் குடுப்பினம். நீலக் குதிரை ஆயிரக்கணக்கில வித்தது, அதில ஒண்டு ஆற்றையோ கையில இருந்து ஆற்றையோ கைக்கு மாறி இத்தாலிச் சந்தைக்கு வந்திருக்கலாம், அப்பா எனக்கெண்டு வாங்கி நூலைக் கழட்டியிருக்கலாம். நூல். எங்கட நூல் இத்தாலிச் சந்தையில என்னத்துக்கு. சரி, வேற ஆரும் தமிழ்ப் பிள்ளை. எத்தினை தமிழ்ப் பிள்ளைக்குக் குதிரைக்கு நூல் கட்டிற புத்தி வரும்? ஒரு பிள்ளைக்குத்தான் வரும். குதிரைக்கும் பயமா இருக்கு எண்டு சொல்ல ஒரு பிள்ளைக்குத்தான் வரும். அப்பா பொய் சொல்லேல்லை, அதுதான் என்னைப் போட்டுக் கொல்லுது. கிரேக்கத்தில கால் வைக்கேல்லை எண்டார், அது உண்மை, அவர் இத்தாலி வரைக்கும்தான் போனவர். குதிரைதான் கிரேக்கத்தில இருந்து வந்தது, ஒரு பிள்ளையின்ரை கையில இருந்துகொண்டு. ஊர் பேர் எழுதாத உள்ளங்காலை வைச்சு அது எங்கை பிறந்ததெண்டு கண்டுபிடிச்சவள் நான், பெரிய கெட்டிக்காரி, எப்பிடி வந்ததெண்டு ஒரு நாள் யோசிச்சனோ. இதுதான் கடைசிக் குதிரை. இதுக்குப் பிறகு குதிரை வரேல்லை. அப்பா வானைக் குடுத்திட்டு ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவப் போனார், வருசக்கணக்காக் கழுவினார், நகமெல்லாம் வெந்து வெள்ளையாப் போச்சு. பழக்கடைக்காரன் வீட்டுக்கே வந்து கெஞ்சினவன், சம்பளம் கூட்டித் தாறன் எண்டு. நான் அழுதன், இனிக் குதிரை வராதெண்டு. அம்மா மேசை துடைக்கேக்கை ஒவ்வொரு குதிரையாத் தூக்கித் துடைச்சு வைப்பா, இந்த நீலத்தை மட்டும் தொடமாட்டா, அதைச் சுத்தித் துடைப்பா, அது நிண்ட இடத்தில தூசி வட்டமாக் கிடக்கும். சாகும்வரைக்கும் தொடேல்லை. அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு அந்த மனுசனுக்குச் சோறு போட்டவ, தெரிஞ்சுகொண்டு என்னை அதோட படுக்க விட்டவ. ஐயோ, நான் அதை வாயில வைச்சுச் சப்பினனான். காதை. காதில பல்லுப் பதிஞ்சிருக்கு, என்ரை பல்லெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். பல்லுத்தானே என்ரை தொழில், இப்ப வடிவாப் பாக்கிறன். இரண்டு வரிசை கிடக்கு. ஒண்டு என்ரை. மற்றது அதைவிடச் சின்னப் பல்லு, பால்பல்லு.

அழிச்சுவிடுவம். ஏன் அழிக்கக்கூடாது? வளையம் இல்லாட்டி அது சும்மா ஒரு நீலக் குதிரை. அவ கையில எடுத்துப் பாப்பா, நான் சொல்லுவன், அழுக்குத்தான் அம்மா, கழுவப் போயிட்டுது. இன்னொருக்காச் சொல்லிப் பாப்பம், சிரிச்சுக்கொண்டு சொல்லவேணும். அழுக்குத்தான் அம்மா, கழுவப் போயிட்டுது. தேத்தண்ணி குடுப்பன், கேக் வாங்கி வைச்சிருக்கு, குடிச்சிட்டுப் போவா. வயசுபோன மனுசி, எத்தினை இடத்துக்கு இப்பிடிப் போய் வந்திருப்பா, இன்னொரு இடம், அவ்வளவுதான். அப்பா இந்த ஹோலில ரீவி பாத்துக்கொண்டு இருப்பார், இன்னும் எத்தினை வருசம், இரண்டோ மூண்டோ, வேட்டி மாத்திவிட்டு, மருந்து குடுத்து, நான் வைச்சுப் பாத்து அனுப்பிவிடுவன். இந்த வயசில பொலிசும் கோடும் வழக்கும், முகத்தைப் பேப்பரில போட்டு, கோயிலில சனம் ஒதுங்கி நிண்டு பாத்து, ஐயோ வேண்டாம், எனக்கு அப்பா வேணும், எனக்கு வேற ஆர் இருக்கினம். ஸ்பொஞ்சை எடு. சுவரில கிறுக்கினதையே அழிக்கிற வெள்ளை ஸ்பொஞ், தண்ணியில நனைச்சு, காலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில பிடிச்சு, சுத்திச் சுத்தி. நீலம்தான் ஸ்பொஞ்சில ஏறுது, கறுப்பு வரேல்லை. பல்லுத்தீட்டுற பசை போடு. வரேல்லை. பெரொக்சைட் போட்டுப் பஞ்சு சுத்தி வைச்சுப் பாப்பம். இந்தப் பிளாஸ்டிக் ரப்பர்போல, சாயத்தைக் குடிச்சிடும், உள்ளுக்குப் போயிட்டா வெளியில எடுக்கேலாது, இதையும் நான்தான் பெரிய பண்டிதி மாதிரி எழுதினனான். எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறா அந்த மனுசி. மூண்டு முடிச்சு. காலில ஒரு பள்ளமே விழுந்திருக்கு, நகத்தை வைச்சா நகம் நிக்குது. மலைப்பாதையில எங்கை அப்பா? மண்ணோ, பனியோ? கையால கிண்டினியளோ? வானில பழப்பெட்டி உடைக்கிற கம்பி ஒண்டு கிடக்கும், அதாலயோ? அந்தப் பிள்ளை குதிரையைக் கையில வைச்சிருந்திருப்பாள், நித்திரையிலயும் விட்டிருக்கமாட்டாள், நான் மற்றக் குதிரையளை விட்டனானே, அம்மா விரல் விரலா விரிச்சுத்தான் எடுப்பா. விரல் விரலா விரிச்சு எடுத்தனீங்களோ. ஏன் எடுத்தனீங்கள்? அதோடயே வைச்சிருக்கலாமே, ஏன் எடுத்துக்கொண்டு வந்து எனக்குத் தந்தனீங்கள்? உரஞ்சு. உரஞ்சு. தோல் கழண்டாலும் பரவாயில்லை, உரஞ்சு.

சில்லுச் சத்தம் கேக்கேல்லை, ரீவி எப்ப நிண்டதெண்டும் தெரியேல்லை. திரும்பிப் பாத்தா அப்பா குசினிக் கதவடியில வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போற வெள்ளைச் சேட்டு, பொத்தானெல்லாம் தானே பூட்டியிருக்கிறார், ஒண்டு மாறிக் கிடக்கு. தலை சீவி இழுத்திருக்கிறார், லாச்சிக்குள்ள கிடந்த கேளாக்கருவி காதில கிடக்கு. நான் குதிரையை நுரைக்குள்ள அமத்தினன், ஏழு வயசுப்பிள்ளை களவா எதையோ ஒளிக்கிறமாதிரி. "என்னப்பா, சேட்டெல்லாம் போட்டுக்கொண்டு?" எண்டன். அவர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. பேசினுக்குள்ள என்ரை கை அசையிறதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார், கனநேரம். "அது போகாது பிள்ளை," எண்டார். "உன்னட்டைத் தர முன்னம் நான் பெற்றோல் போட்டும் உரஞ்சிப் பாத்தனான்."

பைப்பில தண்ணி ஓடுது. கீழ மணி அடிச்சது, ஒருக்கா, மெல்லிசா, அந்தக் குரல் மாதிரியே அவசரமில்லாமல். அப்பா கையை நீட்டினார். "தா." நான் குடுக்கேல்லை, அவர்தான் வந்து நுரைக்குள்ள கையை விட்டு எடுத்தார், சேட்டுக் கையெல்லாம் நனைஞ்சுபோச்சு. சேட்டுத் தலைப்பால அதின்ரை முகத்தைத் துடைச்சு, வோக்கர்க் கூடைக்குள்ள றிமோட்டுக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில நிமித்தி வைச்சார். விழுந்தது. திரும்ப நிமித்தி வைச்சார். "கதவை நான் திறக்கிறன். நீ கேத்திலை வை." சில்லு கம்பளத்தில சிக்குப்படேல்லை. அவர் போற சத்தம் கேக்குது, கதவுச் சங்கிலி கழட்டுற சத்தம் கேக்குது, படியில ஆரோ மூச்சு வாங்கி வாங்கி ஏறி வாற சத்தமும் கேக்குது, நான் கேத்திலுக்குத் தண்ணி பிடிக்கிறன்.